சோளம் விளைந்த தீவு: சியோல் மாநகர அரசுக்கு ஒரு திறந்த மடல்

சியோல் மாநகர அரசில் தனிமை தொடர்பான திட்டங்களைக் கவனிக்கும் அனைவருக்கும்,

வணக்கம்.

தனிமை அவரவர் தலையெழுத்து என்று கைகழுவிவிடாமல், அது ஊரே பொறுப்பேற்க வேண்டிய சங்கதி என்று 2024 அக்டோபரில் அறிவித்தீர்கள். ‘தனிமையில்லாத சியோல்’ என்று பெயர் வைத்து, ஐந்து ஆண்டுகளுக்கு 45,130 கோடி வோன் செலவிடுவதாகச் சொன்னீர்கள். பிரிட்டன் 2018இலும் ஜப்பான் 2021இலும் இதற்கென்று அமைச்சர்களை நியமித்தன. ஆனால் ஒரு நகரமே முன்வந்து, 120ஐ அழைத்தால் நடுராத்திரியிலும் பேச்சுத்துணைக்கு ஆள் உண்டு என்று ஏற்பாடு செய்ததைக் கேள்விப்பட்டபோது மனம் நிறைந்துபோனது. ‘மனதுக்கான கடை’ என்ற பொருளில் பெயர் வைத்து நீங்கள் திறந்திருக்கும் இடங்களில், யாரும் உள்ளே போய் ராமியோன் என்ற கொரிய நூடுல்ஸை வேகவைத்துச் சாப்பிடலாம், உட்காரலாம், தோன்றினால் பேசலாம். இப்படி யோசித்தவர் யாரோ, அவருக்கு முதலில் என் நன்றி.

நான் தமிழ்நாட்டுக்காரி. ஆய்வு வேலைக்காக உங்கள் ஊருக்கு வந்து, குவானாக் வட்டாரத்தில் ஓர் அறை வீட்டில் குடியிருக்கிறேன். சியோலில் பத்து வீடுகளை எடுத்தால் ஏறக்குறைய நான்கில் ஒரே ஒரு ஆள்தான் என்று 2023ஆம் ஆண்டுக் கணக்கு சொல்கிறது. குவானாக்கில் அது இன்னும் அதிகம். மாடிப்படி ஏறும்போது ஒவ்வொரு கதவுக்கு வெளியேயும் ஒரு ஜோடி செருப்புக்கான இடமும் ஓர் ஆளுக்கான சாப்பாட்டுப் பையும்தான் இருக்கும். மனதில் இருப்பதைத் தடங்கலில்லாமல் சொல்லத் தமிழ்தான் எனக்கு வாகு என்பதால் தமிழில் எழுதுகிறேன். கொரிய மொழியில் ஆக்கி உங்களிடம் சேர்க்க நண்பர்கள் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

உங்கள் திட்டத்தின் மீது எனக்கு மரியாதை உண்டு. அதனால்தான் ஒரு குறையையும் சொல்கிறேன். இந்தத் திட்டத்தில் தனித்திருப்பவர் பெரும்பாலும் வாங்கிக்கொள்பவராகவே இருக்கிறார். அவருக்கு அழைப்பு எண் தருகிறோம், ராமியோன் தருகிறோம், ஆலோசனை தருகிறோம். வெளியே வந்து நிகழ்ச்சிகளில் கலந்துகொண்டால் ஊக்கப் பரிசும் உண்டு. அவரால் இந்த ஊருக்கு என்ன ஆகவேண்டும் என்ற கேள்வி மட்டும் ஓரமாக நிற்கிறது. அதை நடுக்கூடத்துக்குக் கொண்டுவாருங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். இந்த எண்ணத்தை எனக்குள் விதைத்தது உங்கள் ஹான் ஆற்றிலேயே நடக்கும் கதை ஒன்று.

2009 மே மாதம் உங்கள் திரையரங்குகளுக்கு வந்த படம் அது. கொரியப் பெயர் ‘கிம்ஸி பியோர்யுகி’. வெளிநாட்டு ரசிகர்கள் ‘காஸ்ட்அவே ஆன் தி மூன்’ என்று அறிவார்கள். எழுதி இயக்கியவர் லீ ஹே-ஜுன். ஜங் ஜே-யங்கும் ஜங் ரியோ-வோனும் நடித்தது. அப்போது பெரிதாக ஓடவில்லை. பிறகு ஊர் ஊராக, நாடு நாடாக, ஒருவர் சொல்லி இன்னொருவர் பார்த்து, இன்று உலகம் முழுக்க அதற்கு ஆட்கள் இருக்கிறார்கள். படம் பார்க்காத தமிழ் வாசகர்கள் மன்னிக்க வேண்டும், முடிவுவரை சொல்லாமல் என் கோரிக்கையைச் சொல்ல முடியாது.

கடன் கழுத்தை நெரித்து, வேலை போய், காதலித்தவளும் விலகிப்போன ஒருவன் உயிரை விடத் துணிந்து ஹான் ஆற்றில் விழுகிறான். சாகவில்லை. பாம்சோம் தீவில் கரையொதுங்குகிறான். எதிரே யோய்தோ என்ற ஆற்றுத்தீவு வட்டாரத்தின் 63 மாடிக் கட்டடம் பளபளக்கிறது. தலைக்கு மேலே பாலத்தில் வண்டிகள் ஓடுகின்றன. அவனுக்கு நீச்சல் தெரியாது. கையிலிருக்கும் போனில் அவசர உதவி எண்ணை அழைக்கிறான். சியோலின் நடுவில் தீவில் மாட்டிக்கொண்டேன் என்று ஒருவன் சொன்னால் யார் நம்புவார்கள்? விளையாட்டு என்று நினைத்துவிடுகிறார்கள். பிறகு பேட்டரியும் தீர்ந்துபோகிறது. ஒரு கோடிப் பேர் வாழும் ஊருக்கு நட்டநடுவில், எல்லோர் கண்ணெதிரிலும், அவனை யாரும் பார்க்கவில்லை.

இந்தத் தீவைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் தமிழ் வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. பாம்சோம் முன்பு ஆள் குடியிருந்த இடம். தலைமுறை தலைமுறையாகப் படகு கட்டிப் பிழைத்த குடும்பங்கள் அங்கே இருந்தன. யோய்தோவை வளர்க்கும் வேலைக்காக 1968 பிப்ரவரியில் சியோல் நகர நிர்வாகம் அந்தத் தீவை வெடிவைத்துத் தகர்த்தது. அறுபதுக்கும் மேற்பட்ட குடும்பங்களை வாவுசான் மலைச்சரிவுக்குக் குடிமாற்றினார்கள். தீவின் கல் யோய்தோவின் கரையைக் கட்டப் போனது. அப்புறம் ஆறு தன் பாட்டுக்கு வண்டலைக் கொண்டுவந்து கொட்டிக்கொண்டே இருந்தது. புல் முளைத்தது, ஆற்றுப்பாலை மரங்கள் வளர்ந்தன, பறவைகள் வந்தன. 1999இல் அதைப் பாதுகாக்கப்பட்ட பகுதியாக நீங்களே அறிவித்தீர்கள். 2012இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. மனிதர் போகக் கூடாது. வெளியேற்றப்பட்ட குடும்பத்தார் மட்டும் சூசக் என்ற அறுவடைப் பண்டிகையை ஒட்டி, ஏற்பாட்டின்பேரில் படகில் போய் முன்னோரை வணங்கித் திரும்புகிறார்கள்.

இயக்குநர் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தது வெறும் அழகுக்காக இல்லை என்று நினைக்கிறேன். ஊர் வேண்டாம் என்று தகர்த்த ஓர் இடம், யாரையும் கேட்காமல் தானே வளர்ந்து நிற்கிறது. ஊர் வேண்டாம் என்று தள்ளிய ஒருவன் அங்கே போய்ச் சேர்கிறான்.

இப்போது அந்தப் பெண். ஆற்றோரத்து அடுக்குமாடி வீட்டில், தன் அறையைவிட்டு மூன்று ஆண்டுகளாக வெளியே வராதவள். நெற்றியில் ஒரு பழைய தழும்பு. துணி அலமாரிக்குள் குமிழ் உறைகளைப் பரப்பித் தூங்குகிறாள். அறைக்குள்ளேயே நடந்து தினமும் அடிக்கணக்கு வைக்கிறாள். வலைப்பக்கத்தில் மற்றவர்களுடைய படங்களை எடுத்துப் போட்டு வேறு ஒருத்தியாக வாழ்கிறாள். இரவில் நிலவைப் படமெடுக்கிறாள், அங்கே ஆளே இல்லை என்பதால். ஆண்டுக்கு இரண்டு முறை சிவில் பாதுகாப்பு ஒத்திகைக்காகச் சங்கு ஊதி, ஊர் முழுக்க வண்டிகள் நின்று, தெரு வெறிச்சோடும்போது மட்டும் பகலில் ஜன்னலைத் திறந்து கேமராவை வெளியே நீட்டுகிறாள். அப்படி ஒரு நாள் பார்க்கும்போது, தீவு மணலில் ‘ஹெல்ப்’ என்ற எழுத்துகளும் அவனும் அவள் லென்ஸில் விழுகிறார்கள். கொஞ்ச நாளில் அவன் அந்த எழுத்துகளை அழித்து ‘ஹலோ’ என்று மாற்றி எழுதுகிறான்.

இங்கேதான் உங்கள் கவனம் எனக்கு வேண்டும். அந்த வீட்டில் அவளுக்கு அம்மா இருக்கிறாள். அப்பா இருக்கிறார். வேளாவேளைக்குச் சாப்பாடு கிடைக்கிறது. கதவைத் தட்டி வெளியே வா என்று தொல்லைப்படுத்துவதும் இல்லை. உதவி என்று நாம் எதைச் சொல்கிறோமோ அதெல்லாம் மூன்று ஆண்டுகளாக அந்தக் கதவுக்கு வெளியே காத்துக் கிடந்தது. ஆனாலும் அவள் வரவில்லை. பெற்றவர்களின் பாசத்தில் குறை இருந்ததாக நான் சொல்ல மாட்டேன். வாங்கிக்கொண்டே இருக்கும் ஒருவருக்கு ஒவ்வொரு தட்டும் ஒரு கடனாக ஏறுகிறது. நன்றி சொல்லவும் கூச்சம், மறுக்கவும் கூச்சம். அந்தக் கூச்சம்தான் கதவை இன்னும் இறுக்கிச் சாத்துகிறது.

அவளைக் கதவு தாண்ட வைத்தது, பதில் எழுத வேண்டும் என்ற ஒரு வேலை. ‘ஹலோ’ என்று ஒருவன் எழுதிவிட்டான், அதைப் பார்த்தது அவள் ஒருத்திதான். அவள் பதில் சொல்லாவிட்டால் வேறு யாரும் சொல்லப்போவதில்லை. இரவில் மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, குடையைப் பிடித்துக்கொண்டு, ஒரு பாட்டிலுக்குள் காகிதத்தை வைத்து, பாலத்துக்கு ஓடிப்போய் அவன் இருக்கும் தீவை நோக்கி வீசுகிறாள். அது உடனே அவன் கையில் கிடைக்கவும் இல்லை. மாதக்கணக்கில் மணலில் கிடக்கிறது. அவள் ஒவ்வொரு நாளும் லென்ஸ் வழியே பார்த்துக்கொண்டிருக்கிறாள். காத்திருப்பதற்கு ஒன்று இருக்கிறது என்பதே அவளுக்குப் புது அனுபவம்.

அவனுக்கும் அதேதான் நடக்கிறது, வேறு வழியில். குப்பையில் ஒதுங்கிய, கறுப்பு மசாலா கலந்து சாப்பிடும் ஜாஜாங் நூடுல்ஸ் உறைக்குள் மசாலாப் பொட்டலம் மட்டும் கிடைக்கிறது, நூடுல்ஸ் இல்லை. அந்தக் கறுப்புப் பொடியை வைத்துக்கொண்டு அவன் ஏங்குகிறான். பறவைகளின் எச்சத்தில் விதை இருக்குமே என்று யோசித்து, எச்சத்தைச் சுரண்டி எடுத்து மண்ணில் கலந்து, தண்ணீர் விட்டு, நாளெல்லாம் குந்தி உட்கார்ந்து பார்க்கிறான். ஒரு பச்சை முளை தலைகாட்டும்போது அவன் முகத்தைப் பாருங்கள். கடன்காரர்களுக்கு முன்னால் கூனிக் குறுகி நின்றவன், இப்போது விவசாயி.

இதைப் பார்த்த அவளுக்கு மனம் பொறுக்கவில்லை. உணவகத்துக்குச் சொல்லி ஜாஜாங்மியான், அதாவது அதே நூடுல்ஸைச் சமைத்தபடியே, வாங்கி அனுப்புகிறாள். கொண்டுபோகிற பையன் வாத்து வடிவ மிதிபடகை மிதித்து மிதித்து, வியர்த்து விறுவிறுத்துத் தீவுக்குப் போய்ச் சேர்கிறான். சுடச்சுட கிண்ணம் கண் முன்னால் இருக்கிறது. அவன் சாப்பிடவில்லை. திருப்பி அனுப்பிவிடுகிறான். ஜாஜாங்மியான் தனக்கு நம்பிக்கை என்று சொல்லச் சொல்கிறான். பையன் மறுபடியும் மிதித்துக்கொண்டு கரைக்கு வந்து, கதவுக்கு வெளியே நின்று அதை அவளிடம் சொல்லிவிட்டுப் போகிறான்.

நலத்திட்டம் தீட்டும் ஒவ்வொருவரும் இந்தக் காட்சியைத் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. நல்ல மனதோடு அனுப்பப்பட்ட, தேவைக்கு ஏற்ற, நேரத்துக்கு வந்துசேர்ந்த உதவி அது. பசித்தவன் ஏன் மறுத்தான்? அந்தக் கிண்ணத்தை வாங்கியிருந்தால் அவன் பயிருக்கு அர்த்தமே போயிருக்கும். பிறகு மக்காச்சோளம் விளைந்து, காயவைத்து, அரைத்து, பிசைந்து, கோணல்மாணலாக வெட்டிய நூடுல்ஸை வேகவைத்து அந்தப் பொடியைக் கலந்து சாப்பிடும்போது அவன் அழுகிறான். ஆற்றுக்கு இந்தப் பக்கம் அவளும் தன் அறையில் தொட்டிகளில் சோளம் வளர்க்கத் தொடங்கியிருக்கிறாள். எத்தனையோ காதல் படங்கள் பார்த்திருக்கிறேன். தொட்டுக்கொள்ளாத, ஒரே அறையில் இல்லாத இந்த இருவரின் நெருக்கம் போல என்னை உலுக்கியது வேறு இல்லை.

என் கட்டடத்திலேயே இதைக் கண்ணால் கண்டேன். மேல்மாடியில் தனியாக ஒரு பாட்டி இருக்கிறார். ஹல்மோனி என்றுதான் அழைப்பேன். முதியோர் மன்றத்துக்கு வரச் சொல்லி யார் யாரோ வந்து கேட்டுப் பார்த்தார்கள். மாட்டேன் என்றால் மாட்டேன்தான். மழைக்குக் கூட வாசலுக்கு வந்து நிற்க மாட்டார். ஒரு நவம்பரில் நான் கிம்ச்சி என்ற கொரிய ஊறுகாய் போடலாம் என்று முட்டைக்கோஸ் வாங்கிவிட்டு, உப்பு எவ்வளவு என்று தெரியாமல் அவர் கதவைத் தட்டினேன். கதவை ஒரு கை அகலம் திறந்து, என் கையிலிருந்த பொடி உப்பைப் பார்த்தார். “இதைப் போட்டால் இலை குழைந்துவிடும்” என்றார். உள்ளே போய்க் கல்லுப்பு மூட்டையும் தன் கத்தியும் எடுத்துக்கொண்டு, நான் கூப்பிடாமலே என் வீட்டுக்கு இறங்கி வந்துவிட்டார். தண்டுப் பக்கம் அதிகமாகவும் இலைப் பக்கம் குறைவாகவும் ஒவ்வொரு அடுக்காகத் தூக்கி உப்பு தேய்க்கக் கற்றுத் தந்தார். ராத்திரி எழுந்து ஒரு தடவை புரட்டிப் போடணும், மறந்துவிடாதே என்று கண்டித்துவிட்டுப் போனார். அந்த வாரம் முழுக்க அவரே படியிறங்கி வந்து ஜாடியைத் திறந்து மோந்து பார்த்தார். அவரிடம் நான் எந்த ஆறுதலும் சொல்லவில்லை. எனக்குத் தெரியாத ஒன்று அவருக்குத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

உங்கள் மனதுக்கான கடைகளில், தனிமையை அனுபவித்து மீண்டவர்களே வருபவர்களோடு பேசும் ஏற்பாடு இருப்பதை அறிவேன். இந்தத் திட்டத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான். அதை ஒரு சிறப்பு அம்சமாக விட்டுவிடாமல் முதுகெலும்பாக ஆக்குங்கள். அவர்களுக்குப் பெயருக்கு ஒரு படி கொடுக்காமல் முழுச் சம்பளம் கொடுங்கள். முற்றிலும் மீண்டவர்தான் வேண்டும் என்றும் காத்திருக்க வேண்டாம். பாதி மீண்டவரால்கூட இன்னொருவருக்கு ஒரு வரி எழுத முடியும். அந்தப் பெண் ஹெல்மெட் போட்டுக்கொண்டுதான் பாட்டிலை வீசினாள். தைரியம் வந்த பிறகு போகலாம் என்று இருந்திருந்தால் போயிருக்கவே மாட்டாள்.

120ஐ அழைப்பவரிடம், பேசி முடித்ததும் ஒன்று கேட்டுப் பாருங்கள். வேறொருவருக்கு நீங்கள் வாரம் ஒரு முறை போன் செய்வீர்களா, பார்வையில்லாதவருக்கு வீட்டிலிருந்தபடி ஒரு பக்கம் வாசித்துப் பதிவு செய்து தருவீர்களா, பாம்சோமில் எத்தனை நீர்க்காகம் உட்கார்ந்திருக்கிறது என்று உங்கள் ஜன்னலிலிருந்து எண்ணிச் சொல்வீர்களா என்று. இவை எதற்கும் கதவைத் திறக்க வேண்டியதில்லை. ஆற்றோரத்தில் எத்தனை ஆயிரம் ஜன்னல்கள்! ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் ஒரு கூர்மையான பார்வை சும்மா கிடக்கிறது. 2023 ஜனவரியில் நீங்கள் வெளியிட்ட ஆய்வில், 19 முதல் 39 வயதுக்குட்பட்ட சியோல்வாசிகளில் ஏறத்தாழ 1,29,000 பேர் ஒதுங்கியோ அறைக்குள் முடங்கியோ வாழ்வதாக மதிப்பிட்டிருந்தீர்கள். அத்தனை பேரையும் நோயாளிகளாகவே பார்த்தால் எந்த நிதியும் போதாது. அத்தனை பேரிடமும் இந்த ஊருக்குத் தேவையான ஏதோ ஒன்று இருக்கிறது என்று பார்த்தால், செய்ய வேண்டிய வேலையே மாறிவிடும்.

ஆண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நாடு முழுவதும் 2023இல் 3,661 பேர் யாருக்கும் தெரியாமல் தனியாக இறந்துகிடந்தார்கள் என்று சுகாதார நலத்துறை அமைச்சகம் கணக்குக் கொடுத்தது. நூற்றுக்கு எண்பதுக்கும் மேல் ஆண்கள். பாதிக்கும் மேற்பட்டவர்கள் ஐம்பது, அறுபது வயதுகளில் இருந்தவர்கள். வேலை போனதும் எதற்கும் உதவாதவன் என்று தன்னைத் தானே முடிவுகட்டிக்கொள்ளும் வயது அது. அவர்களிடம் போய் உங்கள் தனிமை அளவைச் சோதித்துக்கொள்ளுங்கள் என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். குழாய் ஒழுகுகிறது, வந்து பார்க்க முடியுமா என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்கட்டும். அப்படிக் கேட்கிறவரையும் ஒழுகும் குழாயையும் கண்டுபிடித்து இணைத்துவிடுவதுதான் உங்கள் அலுவலர்களின் வேலையாக இருக்க வேண்டும் என்கிறேன். கடன் பிரச்சினைக்கான ஆலோசனையும் அதே மேசையில் இருக்கட்டும். படத்தில் அவனைப் பாலத்துக்குக் கொண்டுபோனது தனிமை மட்டுமல்ல, வட்டியும்தான்.

உங்கள் அரசு இந்தப் படத்தின் கடைசியில் இரண்டு முறை வருகிறது. புயலில் பயிரெல்லாம் அழிந்துபோன பிறகு, தீவைச் சுத்தம் செய்ய ஆட்கள் வருகிறார்கள். அவன் ஒளிகிறான், ஓடுகிறான். பிடித்து வெளியே அனுப்பிவிடுகிறார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. தங்கள் கடமையைச் செய்கிறார்கள், சட்டமும் அவர்கள் பக்கம் இருக்கிறது. இங்கே இருந்துகொள்கிறேன், யாருக்கும் தொந்தரவு தர மாட்டேன் என்று அவன் கெஞ்சுவதைக் கேட்க மட்டும் அங்கே ஆள் இல்லை. வீட்டுக் கதவைத் தட்டப்போகும் உங்கள் வட்டார ஊழியர்களுக்குப் பயிற்சி தரும்போது இந்தக் காட்சியைக் காட்டுங்கள். அறைக்குள் இருப்பவருக்கு அந்த அறைதான் தீவு. உள்ளே அவர் எதையாவது வளர்த்துக்கொண்டிருக்கலாம். இழுத்து வெளியே நிறுத்துவதற்கு முன்னால், என்ன வளர்க்கிறீர்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இரண்டாவது முறை நீங்கள் வருவது சங்கொலியாக. தீவிலிருந்து துரத்தப்பட்டவன் பேருந்தில் ஏறி 63 மாடிக் கட்டடத்தை நோக்கிப் போகிறான், எதற்காக என்று அவளுக்குப் புரிந்துவிடுகிறது. ஹெல்மெட் இல்லாமல், பட்டப்பகலில், கூட்டத்துக்கு நடுவே ஓடுகிறாள். பேருந்தைப் பிடிக்க முடியவில்லை. அந்த நேரம் பார்த்து ஒத்திகைச் சங்கு ஊதுகிறது. ஊரே நிற்கிறது. பேருந்தும் நிற்கிறது. அவள் ஏறிப் போய், தன் பெயரைச் சொல்லி, நீங்கள் யார் என்று கேட்கிறாள். அரசு அவளுக்காக எதையும் செய்யவில்லை. ஊரைக் கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்தது. ஓடியவள் அவள்தான்.

ஆண்டுக் கடைசியில் எத்தனை அழைப்புகள் வந்தன, எத்தனை பேர் வந்து போனார்கள் என்று அறிக்கை கேட்பார்கள் என்று எனக்குத் தெரியும். பணம் கொடுப்பவர்கள் கணக்குக் கேட்பது நியாயம்தான். ஆனால் படத்தில் ஒரு பாட்டில் கண்ணில் படவே மாதங்கள் ஆகின்றன, சோளம் விளைய ஒரு பருவம் ஆகிறது. இந்த வேலைக்கு அந்த வேகம்தான். எண்ணிக்கை குறைவு என்று ஒரு கடையை மூடும் நிலை வந்தால், தயவுசெய்து அந்தக் கடைக்கு வந்துகொண்டிருந்த அந்த நாலு பேரைக் கேட்காமல் மூடாதீர்கள்.

என்னைப் போல வெளியூர்க்காரர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த ஊரில் ஆய்வகங்களில் தமிழர்கள் இருக்கிறோம், தொழிற்சாலைகளில் இலங்கையர் இருக்கிறார்கள், வியட்நாமியர், நேபாளியர், மங்கோலியர் இருக்கிறார்கள். ஊரைவிட்டு வந்த தனிமை எப்படி இருக்கும் என்று எங்களுக்குத் தெரியும். அதனால் எங்களுக்கு உதவி செய்யுங்கள் என்பதோடு நிறுத்தவில்லை. எங்களிடமும் வேலை வாங்குங்கள் என்கிறேன். எங்களில் பலருக்குச் சமைக்கத் தெரியும். கொரிய மொழி பேசிப் பழக ஆள் கிடைக்காமல் தவிக்கிறோம். யாராவது ஒருவர் அறையிலிருந்தபடியே வாரம் ஒரு மணி நேரம் எங்கள் உச்சரிப்பைத் திருத்தித் தந்தால் அது எங்களுக்குப் பெரிய உபகாரம்.

கடைசியாக ஒரு கோரிக்கை, இது சின்னதுதான். கோடைக்காலத்தில் ஹான் ஆற்றுப் பாலங்களின் அடியில் திரை கட்டிப் படம் காட்டுகிறீர்கள். அடுத்த கோடையில், உரிமையாளர்களிடம் முறையாக அனுமதி வாங்கி, பாம்சோம் தெரியும் கரையில் இந்தப் படத்தைக் காட்டுங்கள். வெளியே வர முடியாதவர்களுக்கு அதே நேரத்தில் வீட்டுத் திரையில் பார்க்க வழி செய்யுங்கள். படம் தொடங்கும் முன் யாராவது பேச வேண்டுமே, அதற்கு அதிகாரியையோ நடிகரையோ கூப்பிட வேண்டாம். 120க்கு அழைத்துப் பேசியவர்களில் விருப்பமுள்ள ஒருவரிடம் ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லுங்கள். நேரில் வர வேண்டாம், பெயரும் வேண்டாம், எழுதித் தந்தால் போதும், வாசிக்க நாங்கள் ஆள் வைத்துக்கொள்கிறோம் என்று சொல்லுங்கள். எழுத மூன்று மாதம் கேட்டால் மூன்று மாதம் கொடுங்கள். தேதியை அதற்கேற்ப வைத்துக்கொள்ளலாம்.

மிக்க அன்புடன்,
குவானாக்கில் வசிக்கும் ஒரு தமிழ்ப் பெண்